ஓடிபி வாங்கத் தாம்பரம் போனேன்

ஆறே ஆறு இலக்கத்தை வாங்குவதற்காகக் கோவில்பட்டியில் ரயிலேறித் தாம்பரம் வரை போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் கல்லூரி முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. லீவு லெட்டரில் நான் எழுதியிருந்த காரணத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஓடிபியா? அது போன்லதானம்மா வரும்?" என்றார். போனில்தான் சார் வரும், ஆனால் அந்தப் போன் தாம்பரத்தில் இருக்கிறது என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். நான் சமூகவியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவ என்றால் நிரந்தரமில்லை என்று அர்த்தம். வயது முப்பத்தொன்பது. ஐரோப்பாவில் வடக்கே குளிரடிக்கும் ஒரு நகரத்தில், இணையமும் சமூகமும் பற்றி ஒன்பது மாதம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய ஒரு ஃபெல்லோஷிப் கொடுக்கிறார்கள். அறை, சாப்பாடு, நூலகம், சன்னலோரம் ஒரு மேசை எல்லாம் அவர்கள் பொறுப்பு. படிப்பதும் எழுதுவதும் மட்டும் நம் பொறுப்பு. சமையல் கிடையாது, விடைத்தாள் கட்டு கிடையாது. இரண்டு வருடம் விண்ணப்பித்து இரண்டு தடவையும் 'வருந்துகிறோம்' வாங்கியிருந்தேன். இது மூன்றாவது. இதுவும் போனால் ஆராய்ச்சி ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

என் தலைப்பு, அடுத்தவர் கையால் இணையத்தைப் பயன்படுத்துகிறவர்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே? கையில் பெரிய போன் இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணும் என்றால் பிரவுசிங் சென்டருக்குத்தான் ஓடுவார்கள். கோடை விடுமுறையில் பெருங்களத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, மேற்குத் தாம்பரத்தில் பர்வீன் அக்காவின் பிரவுசிங் சென்டரில் இரண்டு மாதம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்தக் கட்டத்தில் திணறுகிறார்கள் என்று மூன்று நோட்டு நிறைய எழுதினேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று பார்த்து என் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. அச்செடுத்து வைத்திருந்த தாள்களோடு அக்காவிடம் ஓடினேன். "என் கடையில, என் கம்ப்யூட்டர்ல, நான்தான் அடிப்பேன். நீ அப்படி குந்து" என்று சொல்லிவிட்டார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த விரல்கள். தாளைப் பார்த்துக்கொண்டே படபடவென்று அடித்தார். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றது. எதையும் சரிபார்க்கும் நிலைமையில் நான் இல்லை. "சப்மிட் குடுங்கக்கா, குடுங்க!" என்று கத்தினேன், அவரும் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. செல்போன் எண் என்ற கட்டம் வந்தால் அக்காவின் விரல் தானாகக் கடை நம்பரை அடிக்கும். மின்னஞ்சல் என்றால் கடை மெயில். வருகிறவர்களெல்லாம் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள், பிறகு ஓடிபி வரவில்லை என்று வந்து நிற்கிறார்கள், அதனால் பல வருஷமாக இப்படித்தான். அதைப் பற்றி என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். எனக்கே அது நடக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார். "உனக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் வந்துகீது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீடியோ இன்டர்வியூவாம்." நின்ற இடத்திலேயே குதித்தேன். மீதியையும் அவர் படித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நேர்காணலுக்குள் நுழைய, பதிவு செய்த செல்போனுக்கு அந்த நேரத்தில் ஓர் ஆறு இலக்க எண் வருமாம். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

"அதுக்கென்னக்கா, அன்னைக்கு வாற நம்பரைப் போன்ல சொல்லிருங்க" என்றேன்.

"ஓடிபியைப் போன்ல சொல்றதில்ல."

"அக்கா, நான்தான் பேசுதேன். கௌசல்யா!"

"அது எனக்கு இன்னா தெரியும்? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல குரலையே செஞ்சுடறாங்க. கடைக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் தொண்டை தண்ணி வத்த சொல்லிகினு கீறேன், போன்ல கேட்டா பெத்த புள்ளைக்கே சொல்லாதீங்கன்னு. நானே சொன்னா இன்னா மரியாதை? நேர்ல வா."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நம்பரை மாற்றித் தரச் சொல்லி ஃபெல்லோஷிப்காரர்களுக்கு எழுதினேன். இந்தச் சுற்று முடியும்வரை மாற்ற வழியில்லை என்று மிகவும் பணிவாகப் பதில் வந்தது. புதன்கிழமை இரவு ரயிலேறினேன்.

வியாழன் விடிந்தும் விடியாமலும் தாம்பரம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கினால் நாலு பேராவது, "என்ன டீச்சர், ஊருக்குப் போயிட்டு வாரீகளா?" என்று கேட்பார்கள். இங்கே நடைமேம்பாலத்தில் என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை, கூட்டமே தள்ளிக்கொண்டுபோய் மேற்குப் பக்கம் இறக்கிவிட்டது. ஒரு பெண் ஒரு கையில் சாப்பாட்டுக் கூடையும் இன்னொரு கையில் செருப்புமாக மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினாள். பிடித்தும்விட்டாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சின்ன கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி விஷயத்தில் சென்னைக்காரர்களை நான் மன்னித்துவிட்டேன். சாம்பார் விஷயத்தில் இன்னும் இல்லை. "சாம்பார்ல எதுக்கு இனிப்பு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊரு எதும்மா?" என்றார். சொன்னேன். "கடலை மிட்டாய் ஊரா! அதான், ஸ்வீட்டெல்லாம் நீங்களே வெச்சுகினு சாம்பார்ல ஏன் போடறீங்கன்னு கேக்கற" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடலை மிட்டாய் பொட்டலத்தோடு கடைக்குப் போனேன். ஒடுங்கலான கடை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், லேமினேஷன் மிஷின், வாடிக்கையாளர் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதே, வந்துட்டல்ல, அவ்ளோதான். டீ குடி." ஐம்பது வயது இருக்கும். தலையில் முந்தானை, மூக்குக் கண்ணாடி. பேச்சு மட்டும் எப்போதும் அதட்டல்தான்.

நான் டீ குடிப்பதற்குள் ஒரு வடநாட்டுத் தொழிலாளி ஆதார் அட்டையோடு வந்தார். அக்கா அவரிடம் இந்துஸ்தானியில் பேசினார். எனக்குப் புரிந்த அளவில் இப்படி: "விலாசம் மாத்தணும்." "எந்த விலாசத்துக்கு?" "இங்கே." "ஏன் இப்போ?" அவர் கொஞ்சம் தயங்கி, "பையனை இங்கே பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அவனும் அவன் அம்மாவும் வந்துட்டாங்க" என்றார். "அப்போ முதல்ல உன்னோடது வேண்டாம், பையனோடது" என்று சொல்லி அக்கா வேறு ஏதோ படிவத்தைத் திறந்தார். பழைய பழக்கத்தில் நான் நோட்டை எடுத்து, 'வடமாநிலத்தவர், முகவரி மாற்றம்' என்று எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தி குன்றத்தூர் முருகனிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். "ஃபெல்லோஷிப் ஃபெல்லோஷிப்ங்கிறியே, கப்பல்லயா போவே?" என்று பஸ்ஸில் சத்தமாகக் கேட்டு முன்சீட்டையும் பின்சீட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தார். பாதி வழியில் டயர் பஞ்சர். இறங்கி அரைமணி நேரம் வெயிலில் நின்று, ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வந்த அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். கோயிலில் படியேறும்போது சித்தி மூச்சுவாங்க, "நம்ம கழுகுமலையில சாமி குகைக்குள்ளயே இருப்பாரு, சுகமா கும்பிடலாம்" என்றார். மேலே நின்று பார்த்தால் ஏரி, அப்புறம் அடுக்குமாடி, அப்புறம் இன்னோர் ஏரி. சித்தி கண்ணை மூடிக்கொண்டு, அங்கே குளிரில் எனக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். கிடைக்குமா என்ற சந்தேகமே அவருக்கு இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரத்தில் அக்கா கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவார். இரண்டு மணிக்குத் திறந்தார். அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர். ஏதோ கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாளாம். நான் நல்ல சேலை கட்டி, மனப்பாடம் செய்த பதில்களை முணுமுணுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணிக்கு அக்கா மேசையைத் துழாவினார். இழுப்பறையைத் திறந்தார். கைப்பையைக் கவிழ்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கடை போனைக் காணோம்" என்றார்.

காலையில் முடிச்சூரில் தேவகி அம்மா வீட்டுக்கு அக்கா போயிருந்தார். பென்ஷன் வாங்கும் வயதானவர் அந்த அம்மா, முட்டிவலிக்காரர், கடை வரை வர முடியாது. பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் போனில் முகத்தைக் காட்ட வேண்டும், அதை அக்கா வீட்டுக்கே போய்ச் செய்துகொடுப்பார். "சார்ஜ்ல போட்டேன். அப்டியே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் கடையை வுட்டுட்டு போனா இந்த புள்ளைங்க கதி? நீ ஓடு. போய் எடுத்துகினு ஓடியா."

ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஏறி, "முடிச்சூர் ரோடு" என்றேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, "எறங்கும்மா, முடிச்சூர் ரோடு" என்றார் ஓட்டுநர். சுற்றிப் பார்த்தால் கட்டடங்கள், கடைகள், ஒரு மேம்பாலம். தேவகி அம்மா வீடு இங்கே இல்லையே? "ரோடு வேற, ஊரு வேறம்மா. இந்த ரோடு முழுக்க முடிச்சூர் ரோடுதான். ஊருன்னு கரெக்டா சொல்ல வேணாவா?" என்று அவர் என்னைத் திட்டினார். எங்கள் ஊரில் எட்டயபுரம் ரோடு என்றால் எட்டயபுரம் போகிறவள் என்று கேட்காமலே புரிந்துகொள்வார்கள் என்று நானும் பதிலுக்குத் திட்டினேன். பிறகு அவரே என்னை ஊர்வரை கொண்டுபோய் விட்டார். அதற்குள் மணி மூன்று.

தேவகி அம்மா வீடு நாலு போர்ஷன் உள்ள பெரிய வீடு. மூன்றை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே அவர் இருக்கிறார். அந்த வீட்டில் பிளக் பாயின்ட் எல்லாம் சுவரில் தலைக்கு மேலே இருக்கும். பெருவெள்ளத்துக்குப் பிறகு அப்படி மாற்றிவிட்டார்கள். அந்த உயரத்தில், ஆணியில் மாட்டிய ஒரு துணிப்பைக்குள் கடை போன் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா எப்படி மறந்தார் என்று புரிந்தது.

"அம்மா, பர்வீன் அக்கா அனுப்பினாங்க. போனைக் குடுங்க."

தேவகி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு?"

சொன்னேன். கோடையில் அக்காவோடு இரண்டு முறை இங்கே வந்திருக்கிறேன் என்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல. யார் வந்து கேட்டாலும் போனைக் குடுக்கக் கூடாதுன்னு அவதான் சொல்லிகீறா."

"வேணும்னா அக்காகிட்டப் பேசுங்கம்மா!" என்று என் போனில் அக்காவின் சொந்த நம்பரைப் பிடித்துக் கொடுத்தேன். அக்கா அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. தேவகி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "அவ கொரல் மாதிரிதான் கீது. ஆனா இப்பல்லாம் கொரலையே செஞ்சுடறாங்களாமே? அவதான் சொன்னா."

கடிகாரம் மூன்று பத்து. என் மூன்றாவது முறை, என் ஒன்பது மாதம், என் சன்னலோர மேசை எல்லாம் அந்தத் துணிப்பைக்குள் இருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தேவகி அம்மா பதறிப்போனார். "ஏய், இன்னாத்துக்கு அழுவுற? தரமாட்டேன்னா சொன்னேன்? உன் கையில தரமாட்டேன்னு சொன்னேன். நானே கொண்டாந்து அவ கையில குடுக்கறேன். ஆட்டோவைக் கூப்புடு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசல்படிக்கும் ஒரு 'அம்மா' சொல்லி இறங்கினார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிடம் தின்றது. தேவகி அம்மா தலையை வெளியே நீட்டி, "யோவ், வண்டிய எட்றா! இங்க ஒரு பொண்ணு ஃபாரின் போகணும்!" என்று சத்தம் போட்டார். லாரிக்காரர் எடுத்தாரோ இல்லையோ, தெருவே எங்களைப் பார்த்தது. மூன்று ஐம்பத்து மூன்றுக்குக் கடை வாசலில் இறங்கினோம். போன் பர்வீன் அக்காவின் கைக்கு நேராகப் போனது.

நாலு மணிக்கு ஆறு இலக்கம் வந்தது. அக்கா அதை என் காதில் ரகசியமாகச் சொன்னார். திரை திறந்தது.

மூன்று பேர். நரைத்த தலையோடு ஓர் அம்மையார், தாடிக்காரர் ஒருவர், கண்ணாடி போட்ட இன்னொருவர். என் பின்னால் பிரிண்டர் கரகரத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் ஆராய்ச்சி செய்யும் இடத்திலிருந்தே பேசுகிறேன் என்றேன். அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் பதினைந்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு அந்த அம்மையார் தாளைப் புரட்டிக்கொண்டு, "உங்கள் விண்ணப்பத்தில் எங்கள் மூன்று பேரையும் நிறுத்திவைத்த வரி ஒன்று உண்டு" என்று படித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: படிவம் அப்புறம்தான். என்ன ஆயிற்று என்று முதலில் நாங்கள் கேட்கிறோம்.

"இதில் 'நாங்கள்' என்பது யார்?" என்று கேட்டார்.

அந்த வரியை நான் எழுதவில்லை. என் தாள்களில் அப்படி ஒரு வரியே கிடையாது. அடித்தது யார் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு மாணவியின் சான்றிதழை ஸ்கேன் செய்வதில் மும்முரமாக இருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், ஆசை வந்தது. ஆராய்ச்சியாளரையும் அங்கே வருகிறவர்களையும் சேர்த்துத்தான் 'நாங்கள்' என்றேன் என்று அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர்களுக்குத் தெரியவா போகிறது? விண்ணப்பத்தின் கடைசியில், இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என்னுடையதே என்ற உறுதிமொழி வேறு இருந்தது. இல்லை என்று சொன்னால் அங்கேயே கதவைச் சாத்திவிடலாம். ஆனால் இரண்டு முழ தூரத்தில் அந்த வரியின் சொந்தக்காரி உட்கார்ந்திருக்கிறாரே. எந்த முகத்தோடு அதை என்னுடையது என்பேன்?

"அது என் வரி இல்லை" என்றேன். "அன்றைக்கு இதை அடித்துக்கொடுத்தது இந்தக் கடைக்காரர் பர்வீன். அவர் சேர்த்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும்."

அங்கே ஒலியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தாடிக்காரர் தலையை இடவலமாக ஆட்டினார். தேவகி அம்மா ஸ்டூலில் இருந்தபடி, "இன்னா, வாய் ஆடுது, சத்தம் வரல? ரிப்பேரா?" என்றார். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலி திரும்பியது. "அவர் அங்கே இருக்கிறாரா? பேச முடியுமா?" என்றார் அம்மையார்.

அக்கா, "நான் இன்னாத்துக்கு" என்று பின்வாங்கினார். வரிசையில் நின்ற மாணவிகளே, "போங்கக்கா" என்று தள்ளிவிட்டார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தமிழில் பேச, நான் மொழிபெயர்த்தேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள்.

"ஒரு அம்மா வந்துச்சு. ரேஷன் கார்டுல வூட்டுக்காரர் பேரை எடுக்கணும்னு சொல்லிச்சு. இன்னா காரணம்னு கம்ப்யூட்டர் கேக்குது. எறந்துட்டாரா, வேற ஊருக்குப் போயிட்டாரா? அந்தம்மா வாயே தொறக்கல. நான் கீபோர்டை தள்ளி வெச்சுட்டு, இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டேன். அரைமணி நேரம் அழுதுச்சு. அவன் இன்னொருத்தி கூட ரெண்டு தெரு தள்ளி குடித்தனம் பண்ணிகினு கீறான். அதுக்கு அதுல கட்டமே இல்ல. நான் கேக்காம ஒண்ண டிக் பண்ணியிருந்தா, உயிரோட கீறவன சாகடிச்சிருப்பேன். அப்புறம் அந்தம்மா பொய் சொல்லிச்சுன்னு அது தலையிலதான் விழும்."

தாடிக்காரர்தான் கேட்டார், கொஞ்சம் கடுமையாகவே: "இவரிடம் சொல்லாமல் ஏன் சேர்த்தீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இந்த பொண்ணு நல்ல பொண்ணு. ரெண்டு மாசம் என் பக்கத்துலயே குந்திகினு எழுதுச்சு. இன்னா எழுதுதுன்னு அன்னிக்கு அடிக்கும்போதுதான் முழுசா படிச்சேன். கடை கீது, கம்ப்யூட்டர் கீது, கஸ்டமர் கீறாங்க. என்னை மட்டும் ஏதோ புரோக்கர் மாதிரி ஒரு வார்த்தையில எழுதிகீது. எல்லாம் கீது, நான் இல்ல. அதான் ஒரு வரி போட்டேன்."

அந்த வார்த்தை 'இடையாள்'. ஆங்கிலத்தில் அதைப் பெருமையாகப் பதினேழு இடத்தில் போட்டிருந்தேன். இப்போது இதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். கொஞ்சம் மழுப்பினால் யாருக்கும் தெரியாது. மழுப்பாமல், சொல்லுக்குச் சொல், அக்காவே பேசுவதுபோல் சொன்னேன்: இவள் எழுதியதில் எல்லாம் இருந்தது, நான் இல்லை. அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். நன்றி, தகவல் சொல்கிறோம் என்றார்கள். திரை அணைந்தது.

"வேலை கெடச்சுதா?" என்றார் தேவகி அம்மா.

"தெரியலைம்மா" என்றேன். அக்காவிடம் திரும்பி, "ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது.

"நீ கேட்டியா?" என்றார் அவர். அதட்டாமல் மெதுவாகச் சொன்னார். பிறகு அடுத்த மாணவியைக் கூப்பிட்டார். கூட்டம் குறைந்ததும் டீயும் வெங்காய சமோசாவும் வரவழைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் ஒரு கடியோடு வைத்துவிட்டேன். தேவகி அம்மா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கிளம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில். காலையில் சித்தி வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிட்டுப் போகலாம் என்று பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். அக்கா மானிட்டரை என் பக்கம் திருப்பினார். மெயில் வந்திருந்தது.

இரண்டு தரம் படித்தேன். என் பெயர் தேர்வானவர்கள் பட்டியலில் இருக்கிறது, முறையான கடிதம் பின்னால் வரும் என்று எழுதியிருந்தார்கள். ஆய்வுத் திட்டத்தை 'இடையாள்' என்ற சொல் இல்லாமல் திரும்ப எழுதித் தர வேண்டுமாம். கீழே அந்த அம்மையார் தன் பெயரில் ஒரு பத்தி சேர்த்திருந்தார். ஒன்பது மாதத்தில் ஒரு மாதம் பர்வீனும் விருந்தினராக வந்து தங்க முடியுமா? வந்து அங்குள்ளவர்களிடம் பேசுவாரா? பாஸ்போர்ட் இருக்கிறதா?

அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். லேமினேஷனுக்காக நின்றவர் கைதட்டினார். "வுடு, வுடு, கண்ணாடி ஒடயப்போது" என்றார் அக்கா. அவர் முதல் வரியோடு நிறுத்தியிருந்தார் போல, கடைசிப் பத்தியைத் தமிழில் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னையா? நான் அங்க போய் இன்னா பேசப் போறேன்? கடையை யாரு பாப்பாங்க?"

"ஒரு மாசந்தானேக்கா. பாஸ்போர்ட் இருக்கா?"

"ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்துகீறேன். துபாய்க்கு, சவூதிக்கு, சிங்கப்பூருக்கு. எனக்கு இல்ல." திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்தார். "குந்து. நீ அடி."

அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றிப் போய், வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டார். கடைக்கு வந்த ஒருவர், "இன்னாக்கா, அந்தப் பக்கம் குந்திகினு கீறே?" என்று கேட்டதற்கு, "கொஞ்சம் இரு, என்னோடது ஓடுது" என்றார்.

பாஸ்போர்ட் படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டம் பெயர். கேட்காமலே 'பர்வீன்' என்று அடித்துவிட்டேன்.

"அது இல்ல" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"கடையை நான் எடுக்கும்போதே போர்டுல அந்தப் பேரு இருந்துச்சு. முன்னாடி வெச்சிருந்தவரோட பொண்ணு பேரு. ஜனங்க அதையே சொல்லி என்னையும் கூப்புட ஆரம்பிச்சாங்க. நானும் வுட்டுட்டேன்." சுருக்குப் பையிலிருந்து தன் ஆதாரை எடுத்தார். பிறகு தரத் தேவையில்லை என்று தோன்றியதோ என்னவோ, கையிலேயே வைத்துக்கொண்டார். "என் பேரு ஷாஹிதா."

அடித்ததை அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அடித்தேன்.